ஆமாங்க சார்

செய்முறை பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

2014 ஜூலை. என் பிஎச்.டி. வைவா. செமினார் ஹாலில் ஏசி ஓடவில்லை. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். எக்ஸ்டர்னலாக வந்திருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த உயிர்வேதியியல் பேராசிரியர். என் ஆய்வேட்டில் செய்முறைகள் பகுதியில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சாம்பிள் எடுத்த அன்னிக்கே எம்டிஏ பார்த்துட்டீங்களாம்மா?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அடுத்து புள்ளியியலில் இரண்டு கேள்விகள். அவற்றுக்கு நான் பிரமாதமாகப் பதில் சொன்னேன். ஐந்து மணிக்கு எல்லோருக்கும் லட்டும் மிக்சரும் காப்பியும் வந்தன. அன்றிலிருந்து என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுகிறார்கள்.

என் 60 நோயாளிகளின் ரத்தநீர் சோதனைக்கு வந்தபோது சராசரியாக எட்டு மாதம் ஃப்ரீசரில் கிடந்திருந்தது. சிலருடையது ஒரு வருடத்துக்கும் மேல். இதைச் சமீப காலம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே பதினோரு வருடம் ஓட்ட முடிந்தது என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

நான் அளந்தது என்ன என்று சொன்னால்தான் இதில் தப்பு எங்கே என்று விளங்கும். மாரடைப்பு என்றதும் வார்டில் இன்னும் 'கார்டியாக் என்சைம்ஸ்' என்றுதான் எழுதி அனுப்புகிறார்கள். 1954-ல் நியூயார்க்கில் லடூ, வ்ரோப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி ஏறுவதைக் காட்டியதில் தொடங்கிய பழக்கம் அது. பிறகு எல்டிஹெச் வந்தது, சிகே-எம்பி வந்தது. இப்போது எல்லோரும் பார்ப்பது ட்ரோபோனின். அது நொதியே இல்லை, தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் புரதம். ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இவையெல்லாம் செத்த தசையிலிருந்து கசிந்து வருபவை. இடிந்த வீட்டிலிருந்து தெருவுக்கு வந்து விழும் செங்கல் மாதிரி. வீடு இடிந்தது தெரியும், ஏன் இடிந்தது என்று செங்கல் சொல்லாது.

அந்த 'ஏன்' என்பதைத் தொட்டுவிடலாம் என்று எங்களைப் போன்றவர்கள் நம்பியது வேறு வகை நொதிகளை வைத்து. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு செல்லுக்குள் வழிதவறி, சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டுத் துகளாகிறது. அதை அடக்க ஒரு நொதி இருக்கிறது என்று 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டார்கள்: சூப்பர் ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ், சுருக்கமாக எஸ்ஓடி. எஸ்ஓடி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் அந்தப் பெராக்சைடை உடைத்துத் தண்ணீராக்கும். இந்தக் காவலையும் மீறி முரட்டுத் துகள்கள் பெருகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஹெல்முட் சீஸ் 1985-ல் பரப்பிய சொல். காவல் தளர்ந்தால் கொழுப்பு கெடும். கெட்டுப்போன எல்டிஎல் கொழுப்பை ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் விழுங்கணுக்கள் அளவு தெரியாமல் விழுங்கி, நுரை ததும்பும் செல்களாகி, அங்கேயே படிந்துபோகும். கெடாத எல்டிஎல்லை அவை அப்படி விழுங்குவதில்லை. இதய நாளங்களில் அடைப்பு தொடங்குவது இப்படித்தான் என்பது அழகான கதை. இன்றைக்கும் அதில் பெரும்பகுதி உண்மை என்றே நினைக்கிறேன். என் குற்றம் அந்தக் கதையில் இல்லை, நான் அதற்குக் கொண்டுவந்த சாட்சியில்.

கொழுப்பு கெட்டதற்கு அடையாளம் மாலோன்டையால்டிஹைட். அதுதான் எம்டிஏ. அதை அளக்க ஏழைக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகும் ஒரு முறை உண்டு. ரத்தநீரில் தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்துக் கொதிநீரில் ஒரு மணி நேரம் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். 532 நானோமீட்டரில் வைத்து ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று படிக்க வேண்டும். பன்னீர் ரோஜாவின் நிறம். முதல் முறை பார்த்தபோது அத்தனை சந்தோஷமாக இருந்தது. இறைச்சியும் பால் பொருட்களும் சிக்குப் பிடித்துவிட்டனவா என்று உணவுத் துறையினர் பார்ப்பதும் இதே சோதனையால்தான். வீட்டில் பழைய எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் ஒரு வாடை அடிக்குமே, அந்தச் சிக்கு வாடையை நிறமாக்கிக் காட்டுகிறது இது.

எண்ணெய் கெடுவதற்கு மனித உடலுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாட்டிலில் இருந்தாலே போதும்.

எங்கள் துறையில் இருந்தது மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசர். இப்படிப்பட்ட சோதனைக்கு ரத்தநீரை மைனஸ் 80-ல் வைக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்தப் பெட்டியின் விலை எங்கள் துறையின் பல வருட பட்ஜெட். மைனஸ் 20-ல் வைத்தால் பனிக்கட்டி மாதிரி இறுகித்தான் தெரியும். ஆனால் உப்புநீர் முழுக்க உறைய மைனஸ் 21-க்கும் கீழே போக வேண்டும். அதற்கு மேல் எங்கோ ஓர் ஓரத்தில் துளி நீர் திரவமாகவே நிற்கும். உப்பும் உடைந்த சிவப்பணுவிலிருந்து வந்த இரும்பும் அந்தத் துளியில் நெருக்கியடித்துக்கொண்டு கொழுப்பைத் தொடர்ந்து கெடுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுயீன் (BHT) என்ற பொருளைச் சிறிது சேர்ப்பார்கள். நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று படித்தபோது முப்பது பேரின் ரத்தம் உள்ளே போயிருந்தது. பாதியில் முறையை மாற்றினால் ஒப்பிட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அது 2012. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஐசியுவுக்கும் ரத்த வங்கிக்கும் மட்டும். எங்கள் துறைக்கு மெழுகுவத்தி. ஃப்ரீசரின் ரப்பர் விளிம்பில் தண்ணீர் வடிந்து தரையில் ஓடியதை நானே துணி போட்டுத் துடைத்திருக்கிறேன். குப்பிகளின் லேபிளில் பேனா மை கரைந்து, 17-ஆ 11-ஆ என்று தெரியாமல் டெக்னீசியன் அண்ணனும் நானும் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "மேடம், இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுத்தா என்னங்க?" என்று கேட்டார் அவர். டிப்ளமோ மட்டும் படித்தவர். அந்த அறையில் அன்றைக்கு விஞ்ஞானி அவர்தான்.

புதுசாக எடுப்பதென்றால் இன்னும் ஒன்றரை வருடம். பல்கலைக்கழகம் கொடுத்த காலக்கெடு முடிய ஏழு மாதம்தான் இருந்தது. ரசாயனம் வாங்கப் பணம் ஒப்புதலாகி வர ஒரு வருடம் எடுத்தது யாருடைய தவறு என்று பேச ஆரம்பித்தால் நான் இதிலிருந்து தப்பித்துவிடுவேன். அதனால் அதை விடுகிறேன்.

நவம்பர் கடைசியில் தயோபார்பிட்யூரிக் அமிலம் வந்தது. இரண்டு வாரத்தில் நோயாளிகள் எல்லோருக்கும் பார்த்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலுக்கு ஆள் தேடினேன். ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை இல்லாமல், பிரஷர் இல்லாமல், சிகரெட் பிடிக்காமல் 60 பேர் வேண்டும். நம் ஊரில் தேடிப் பாருங்கள். வாக்கிங் போகிறவர்கள், ஆபீஸ் ஊழியர்கள் என்று 22 பேர் கிடைத்தார்கள். மீதி 38 பேர் ஹாஸ்டலில் இருந்து. இருபது வயதுப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு டீயும் முட்டை பப்ஸும் வாங்கிக் கொடுத்தேன். காலையில் ரத்தம் எடுத்து மத்தியானமே கொதிக்க வைத்துவிட்டேன்.

ஆக, ஒரு பக்கம் எட்டு மாதம் உறைந்து உருகி உறைந்த, ஐம்பத்தாறு வயது சராசரியுள்ள, மாத்திரைகளும் ஹெப்பாரினும் ஏறிய ரத்தம். மறு பக்கம் அன்று காலை எடுத்த மாணவர்களின் ரத்தம். நோயாளிகளின் குழாய்கள் அடர்ந்த ரோஜா. மாணவர்களுடையது வெளிறிய ரோஜா. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். கணினியில் ஓட்டியபோது பி மதிப்பு 0.001-க்கும் கீழே வந்தது. என் கைடுக்கு போன் பண்ணினேன். "வெரி குட், வெரி குட்" என்றார். அவர் நல்ல மனிதர். தேதிகளை அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அந்த நிறத்தில் எவ்வளவு இதய நோய், எவ்வளவு வயது, எவ்வளவு என் ஃப்ரீசர்? பிரிக்க வழியே கிடையாது. பிரிக்க முடியாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகும்.

இன்னொன்று இதைவிட வெட்கக்கேடானது. எஸ்ஓடியை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை அலகு என்று கணக்கிட வேண்டும். முதல் தடவை கணக்குப் போட்டபோது நோயாளிகளுக்கு எஸ்ஓடி அதிகமாக வந்தது. உட்கார்ந்து விவாதப் பகுதியில் ஒரு பத்தி எழுதினேன். ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடும்போது உடல் அதை ஈடுகட்டத் தன் காவல் நொதிகளை அதிகமாகச் சுரக்கிறது, எனவே எங்கள் முடிவு கருதுகோளை உறுதிப்படுத்துகிறது என்று. ஆதாரமாக ஐந்து கட்டுரைகள். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நோயாளிகள் தொகுதிக்கு மட்டும் ஹீமோகுளோபின் அளந்த கரைசலை எத்தனை மடங்கு நீர்த்தேன் என்பதைப் பெருக்க மறந்திருந்தேன். திருத்திப் போட்டால் தலைகீழ். நோயாளிகளுக்கு எஸ்ஓடி குறைவு.

பதறினேனா? இல்லை. அதே பத்தியைத் திறந்து, 'ஈடுகட்ட அதிகமாகச் சுரக்கிறது' என்பதை அழித்து, 'போராடிப் போராடித் தீர்ந்துபோகிறது' என்று எழுதினேன். ஐந்து கட்டுரைகளை எடுத்துவிட்டு வேறு ஐந்தைப் போட்டேன். அவையும் தயாராகவே இருந்தன. 'எனவே எங்கள் முடிவு கருதுகோளை உறுதிப்படுத்துகிறது' என்ற கடைசி வாக்கியத்தில் கை வைக்கவே தேவை வரவில்லை.

கூடினாலும் ஜெயம், குறைந்தாலும் ஜெயம். ஜோசியக்காரரை வீட்டில் எல்லோரும் கேலி பண்ணுவோம். நல்லது நடந்தால் குரு பார்வை, கெட்டது நடந்தால் சனி பார்வை என்கிறார் என்று. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பத்தியைச் சேமித்துவிட்டு லேப்டாப்பை மூடியபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது. தூங்கிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. யாரும் படிக்காத ஆய்வேடுகள் ஊரில் எத்தனையோ. அலமாரியில் தூசி படிந்து கிடப்பதில் இன்னொன்று. ஆனால் என்னுடையதை ஒருவர் படித்தார். படித்தார் என்றால், என் வாயால் கேட்டார்.

என் சித்தப்பா. கோயம்புத்தூர் கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தவர். மின்வெட்டு காலத்தில் பாதி நாள் ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். "ஜாப் ஓடிட்டிருக்கறப்ப கரண்ட் போனா டூல் மார்க் உழுந்துருங்கண்ணு. அப்புறம் எவ்வளவு தேச்சாலும் கஸ்டமர் கண்டுபுடிச்சிருவான்" என்பார். அப்போதே என் ஃப்ரீசர் ஞாபகம் வந்திருக்க வேண்டும் எனக்கு.

2013 தீபாவளி முடிந்த வாரம் அவருக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் என்று ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். ஆய்வேடு அப்போது பைண்டிங்குக்குப் போயிருந்தது. தலை முழுக்க அதுதான். "நீ இதைத்தானேம்மா படிச்சே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு, என்ன ஆச்சு எனக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "கொழுப்பு இருக்கறது தப்பில்லீங்க சித்தப்பா, அது துருப்புடிக்கறதுதான் தப்பு. இரும்பு மாதிரிதான்." லேத் பட்டறைக்காரருக்குத் துரு என்றால் விளக்க வேண்டுமா? முகமே மலர்ந்துவிட்டது. "அப்ப துருவுக்கு என்ன மருந்து?" என்றார். வைட்டமின் ஈ என்றேன். 400 யூனிட், அந்தப் பச்சை நிற கேப்ஸ்யூல். மருந்துச்சீட்டு எழுத எனக்கு உரிமை கிடையாது; நான் எம்பிபிஎஸ் படித்தவள் இல்லை. எழுதவில்லை, வாயால்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அது சீட்டைவிடப் பெரியது.

மூன்று மாதம் கழித்துப் போன் பண்ணினார். கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் தொடையெல்லாம் வலிக்கிறது, படி ஏற முடியவில்லை, துருவுக்குத்தான் பச்சை மாத்திரை போடுகிறோமே, அதை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். வைவாவுக்குத் தேதி கேட்டு அலைந்துகொண்டிருந்த நேரம். "பாத்துக்கலாங்க சித்தப்பா" என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். நான் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. சரி என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வைட்டமின் ஈ பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. 1996-ல் கேம்பிரிட்ஜில் இரண்டாயிரம் இதய நோயாளிகளிடம் செய்த கேயாஸ் என்ற ஆய்வில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு உயிர் போகாத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்தன. அந்த ஆய்விலும் இறப்பு குறையவில்லை. ஆனால் ஆய்வுலகமே துள்ளிக் குதித்தது. பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. 1999-ல் இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கிஸ்ஸி, 2000-ல் 9,541 பேரிடம் நடந்த ஹோப். இரண்டிலும் வைட்டமின் ஈயால் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. ஹோப் ஆய்வை இன்னும் சில வருடம் நீட்டிப் பார்த்தபோது வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு கொஞ்சம் கூடவே இருந்தது. என் ஆய்வேட்டின் முன்னுரையில் கேயாஸ் இருக்கிறது. மற்ற இரண்டும் இல்லை. படிக்காமல் விடவில்லை, ஃபைலில் மஞ்சள் மார்க்கர் போட்ட நகல்கள் இன்னும் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னைக் குத்துவது 2002-ல் லான்செட்டில் வந்த ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி. பிரிட்டனில் 20,536 பேர். ஒரே கூட்டத்தை இரண்டு விதமாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினைப்படி பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடினின் அண்ணன் முறை. இன்னொரு பிரிவினைப்படி பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்த்து. ஐந்து வருடம். வைட்டமின் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாகவே ஏறியது. மாரடைப்பில் துளி வித்தியாசம் இல்லை. ஸ்டாடின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. ஒரே ஆய்வு. ஒரே மனிதர்கள். அதில் வேலை செய்த பாதியைச் சித்தப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வேலை செய்யாத பாதியைக் கொடுத்தவள் நான். அதுவும் அந்த ஆய்வைப் படித்துவிட்டு.

2015 மார்ச்சில் அவருக்கு இரண்டாவது அட்டாக். பிழைத்துக்கொண்டார். இதயம் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பட்டறையை விற்றார்கள். ஸ்டாடினை நிறுத்தியதால்தான் வந்தது என்று ஒரு தனி மனிதரை வைத்துச் சொல்ல முடியாது, போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். இது உண்மை. இந்த உண்மையைப் பல ராத்திரி நான் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன் என்பதும் உண்மை.

ஐசியுவில் டாக்டர், "ஸ்டாடினை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டபோது நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சித்தி என்னைப் பார்த்தார். சித்தப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "நானாத்தாங்க நிறுத்துனேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்டர்னல் கேட்டபோது ஒரு சொல்லில் பொய் சொன்னேன். இங்கே அந்த ஒரு சொல் கூடச் செலவாகவில்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமாகப் படிக்க ஆரம்பித்தேன். வைட்டமின் ஈ ஏன் தோற்றது என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குப் பிடித்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பைக் கெடுப்பதில் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதிக்கு ஒரு பங்கு உண்டு. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல வைத்திருப்பது அது. சீழுக்குப் பச்சை சாயல் வருவதும் அதனால்தான். உப்பில் இருக்கும் குளோரைடை எடுத்து, தரை துடைக்கும் பிளீச்சில் இருக்கும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கும். குழாய்ப் படிமங்களில் குளோரின் ஏறிய அமினோ அமிலத்தைக் கண்டிருக்கிறார்கள். அந்த நொதி அங்கே வேலை செய்துவிட்டுப் போன கைரேகை. நெஞ்சுவலியோடு வருகிறவர்களில் இந்த நொதி அதிகம் இருப்பவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் ஆபத்து கூடுதல் என்று 2003-லேயே கிளீவ்லாந்துக் குழு காட்டியிருந்தது. வைட்டமின் ஈ சங்கிலித் தொடராகப் பரவும் முரட்டுத் துகள்களைத்தான் நிறுத்தும். பிளீச்சை நிறுத்த அதற்குத் தெரியாது. நான் சொன்ன துரு என்ற உவமையே தவறு. துருவுக்கு எண்ணெய் தடவலாம். வீட்டுக்குள்ளேயே ஒருவன் ஆசிட் காய்ச்சிக்கொண்டிருந்தால் எண்ணெய் என்ன செய்யும்?

போகிறபோக்கில் இன்னொரு தகவல். ஹெப்பாரின் கொடுத்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் மைலோபெராக்சிடேஸ் ரத்தத்துக்குள் வந்துவிடும். செல்லுக்கு வெளியே இருக்கும் ஒரு வகை எஸ்ஓடியும் அப்படித்தான். ஹெப்பாரின் போட்டவரிடமிருந்து ரத்தம் எடுத்துவிட்டு நொதி ஏறியிருக்கிறது என்று எழுதினால், பாதி மருந்தைத்தான் அளந்திருப்போம். என் நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஹெப்பாரின் போய்க்கொண்டிருந்தது என்று நான் குறித்தே வைக்கவில்லை.

போன வருடம் என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்த பெண் தன் விவாதப் பகுதியின் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். 'போராடிப் போராடித் தீர்ந்துபோகிறது.' என் பத்தி, கமா மாறாமல். மேற்கோளும் என் பெயரிலேயே கொடுத்திருந்தாள், பாவம், மரியாதைக்கு. நான் பீரோவைத் திறந்து 2012-ஆம் வருடப் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இடது பக்கம் ரத்தம் எடுத்த தேதி, வலது பக்கம் சோதனை செய்த தேதி. டெக்னீசியன் அண்ணனின் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். அவள் கொஞ்ச நேரம் விரலால் வரிசை வரிசையாகப் பார்த்தாள். "மேடம், இது…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "ஆமா" என்றேன். இந்த ஆமா நிஜம். பல்கலைக்கழகத்துக்கும், அந்த ஆய்வின் ஒரு பகுதியைக் கட்டுரையாக வெளியிட்ட இதழுக்கும் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இதை எழுதும் இன்று வரை அனுப்பவில்லை. அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பொங்கலுக்குப் போனேன். இப்போது அவர் மகன் வீட்டில், தரைத்தளத்தில் ஒரு ரூம். கால் லேசாக வீங்கியிருந்தது. சித்தி கோலம் போடப் போயிருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசர், ஹாஸ்டல் பிள்ளைகள், எக்ஸ்டர்னல், 20,536 பேர், ஐசியுவில் நான் நின்ற பக்கம். நடுவில் ஒரு தடவை, "கரண்டு கட்டு வருசமா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க சித்தப்பா." "ம்" என்றார்.

முடித்ததும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னை இழுத்து மடியில் வைத்துத் திறந்தார். காலை, மதியம், ராத்திரி என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய மாத்திரைகள். மஞ்சள், வெள்ளை, ரோஸ். அடியில் தனியாக, முக்கால்வாசி காலியான ஒரு அட்டை.

"அப்ப இதை நிறுத்திரலாங்களா கண்ணு?"

பச்சை. பதினோரு வருடமாக, ஐசியுவில் இருந்த நாட்கள் போக, ஒரு நாள் விடாமல்.